மாப்பிள்ளை எழுதினால் பத்தொன்பது விநாடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில், நான்கு மேசைகளும் ஒரே ஒரு மின்விசிறியும் கொண்ட அலுவலகம் அது. நான்கு மேசைக்காரர்களும் ஒரே குடும்பம். மாமனார்தான் நிறுவனர். வாடிக்கையாளர்களின் போன்களை எடுப்பது மாமியார். மச்சான், அதாவது அவர்களுடைய மூத்த பிள்ளை, அப்டேட்களைச் சரிபார்த்து வெளியே அனுப்புகிறவர். நான்காவது மேசை, ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே. இருப்பதிலேயே நல்ல இடம் எது என்று பார்த்து அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவர்கள் தயாரிப்பது சர்வர் சாஃப்ட்வேர். ஒரு இணையதளத்தை யாராவது திறந்தால், அவர் கேட்ட பக்கத்தைத் தேடி எடுத்து நீட்டுகிற வேலை அதற்கு. நூலகம், நீச்சல் குளம், பல் டாக்டர், நாய்களுக்கு முடி வெட்டுகிற கடை என்று முந்நூற்று நாற்பது வாடிக்கையாளர்கள். பெரிய நிறுவனங்கள் எதுவும் திரும்பிப் பார்க்காத சின்ன ஆட்கள். ஆனால் ஒரு மணி நேரம் தளம் படுத்துவிட்டால் மாமியாரைப் போனில் பிய்த்து எடுத்துவிடுவார்கள்.

அந்த அலுவலகத்தில் ‘உடைப்பு நோட்டு’ என்று ஒன்று உண்டு. யாருடைய தப்பால் சாஃப்ட்வேர் உடைந்ததோ அவர் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். அவரே வாடிக்கையாளருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம், அதே தப்பு மறுபடி தலைகாட்டாமல் இருக்க ஒரு டெஸ்ட்டும் அவரே எழுத வேண்டும். டெஸ்ட் என்றால், ஒவ்வொரு அப்டேட்டும் வெளியே போவதற்கு முன் கம்ப்யூட்டர் தானாக ஓட்டிப் பார்க்கிற சோதனை. பழைய தப்பு திரும்பி வந்திருந்தால் திரையில் சிவப்பு எரியும்.

நோட்டில் மச்சான் பேர் இருபத்தாறு இடத்தில் இருந்தது. மாமனார் பத்தொன்பது. மாமியாருக்குக்கூட நாலு. அதில் ஒன்று, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காய்கறிப் பட்டியலை முந்நூற்று நாற்பது வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பியது. இரண்டு பேர் முட்டைக்கோஸ் வாங்கி வரட்டுமா என்று பதில் எழுதியிருந்தார்கள்.

மாப்பிள்ளை பேர் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை.

கல்யாணமாகி ஏழு மாதம். வேலைக்குச் சேர்ந்தும் ஏழு மாதம். நாற்பத்து மூன்று மாற்றங்கள் எழுதியிருக்கிறான், ஒரு உடைப்புகூடக் கிடையாது. இதை அவன் வெளியில் பீற்றிக்கொள்ளவில்லை. தன் அப்பாவிடம் வாரம் ஒரு தடவை போனில் சொல்வான், அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மாப்பிள்ளை எழுதிய நாற்பத்து மூன்றாவது மாற்றம் புது அப்டேட்டாக வெளியே போனது. பத்தே முக்காலுக்கு மாமியாரின் போன் அடித்தது.

“நூலகர்தான் பேசுறார்,” என்று மாமியார் போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார். “அவர் லாகின் பண்ணினா வேற யாரோட பக்கமோ வருதாம்.”

“யாரோடதாம்?” என்றார் மாமனார்.

“ஓய்வு பெற்ற நீதிபதி ஒருத்தரோடது. நூலகர் பக்கத்துலயும் நீதிபதி, தரை கூட்டுறவங்க பக்கத்துலயும் நீதிபதி. ஊர்ல யார் லாகின் பண்ணாலும் ‘வணக்கம் நீதிபதி ஐயா’ன்னு சொல்லி, அவர் எடுத்த புத்தகத்தையெல்லாம் காட்டுதாம்.”

“என்ன புத்தகம் எடுத்திருக்கார்?” என்று மச்சான் ஆர்வமாகக் கேட்டார்.

“டேய்,” என்றார் மாமனார்.

“வீட்டிலேயே நடனம் கற்கலாம், மூணு பாகம்,” என்றார் மாமியார் குரலைத் தாழ்த்தி. “அப்புறம் குறட்டையை நிறுத்துறது எப்படின்னு ஒண்ணு.”

மாப்பிள்ளை கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான். அவனுடைய மாற்றம் எதைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியும். ஒருவர் கேட்ட பக்கத்தின் நகலை அந்த சர்வர் ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால் புதிதாகத் தயாரிக்காமல் நகலை நீட்டிவிடும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. அந்தப் பகுதியைத்தான் அவன் போன வாரம் ‘அழகுபடுத்தி’ இருந்தான்.

அதற்குள் அடுத்த போன். நீச்சல் குளத்துப் பயிற்சியாளர். அவருடைய போட்டி வீரர்கள் எல்லாருக்கும், அடுத்த வகுப்பு மூன்று வயதுக் குழந்தைகளோடு, முழங்கால் ஆழக் குளத்தில் என்று காட்டுகிறதாம். நாலு பேர் மிதவை வளையத்தோடு வந்து நிற்கிறார்களாம்.

மாமனார் எழுந்தார். பதறுகிற ஆள் இல்லை அவர். முதலில் அப்டேட் வெளியே போவதை நிறுத்தினார். எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தார். அறுபத்தொரு பேர். “எல்லாரையும் பழைய பதிப்புக்குத் திருப்பு,” என்றார் மச்சானிடம். மச்சான் திருப்பினார். ஐம்பத்திரண்டு சர்வர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. மீதி ஒன்பதும் அப்டேட்டைத் தாமாக இழுத்துக்கொள்ளும், ஆனால் வெளியிலிருந்து அவற்றைத் தொட முடியாது. அந்த ஒன்பது பேரும் தாங்களே செய்ய வேண்டும். ஒருத்தரும் போனை எடுக்கவில்லை.

“திருப்பியாச்சு. நூலகத்துல கேளும்மா,” என்றார் மச்சான்.

மாமியார் கேட்டார். “இன்னும் நீதிபதிதான் வர்றாராம்.”

காரணத்தை மாப்பிள்ளைதான் சொன்னான். “மாமா, சாஃப்ட்வேர் பழசு ஆயிடுச்சு. ஆனா எடுத்து வெச்ச நகல் அப்படியே இருக்கு. பழைய சாஃப்ட்வேரும் அதையே எடுத்து நீட்டுது. நகல் எல்லாத்தையும் காலி பண்ணணும்.”

“பார்த்தியா,” என்றார் மாமனார் மகனிடம். “மாப்பிள்ளைக்கு எவ்வளவு சட்டுனு பிடிபடுது.”

காலி செய்தார்கள். பதினொன்றரைக்கு நூலகரின் பக்கத்தில் நூலகரே வந்தார். மாமியார் தண்ணீர் குடித்தார். மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தொண்டையைச் செருமி, “இது வந்து, என்னோட...” என்று ஆரம்பித்தான்.

“கரண்ட்டா இருக்கும்,” என்றார் மாமியார் அவசரமாக. “நேத்து சாயந்தரம் ரெண்டு தடவை போய் வந்துது.”

“கரண்ட் போனா நீதிபதி வர மாட்டார் அத்தை. நான் எழுதின...”

“நூலகத்துல அவங்க ஏதாவது தப்பா அமுக்கியிருப்பாங்க,” என்றார் மச்சான்.

“நீச்சல் குளத்துலயுமா?”

“ஈரக் கை,” என்றார் மச்சான்.

மாமனார் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். காலையில்தான் துடைத்த மேசை.

மாப்பிள்ளை திரையின் பக்கம் திரும்பினான். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுதி வைக்கிற பதிவு ஒன்று எல்லா மென்பொருள் வேலையிலும் இருக்கும். அதைத் திறந்தான். தன் தப்பைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொண்டுவந்து காட்டினால் அப்புறம் கரண்ட்டும் ஈரக் கையும் எங்கே போகும் என்று நினைத்தான்.

தப்பு இரண்டு நிமிடத்தில் அகப்பட்டது. ‘லாகின் செய்தவரின் பக்கத்துக்கு நகல் எடுக்காதே’ என்று மாமனார் எழுதியிருந்த ஐந்து வரிகளை அவன் எடுத்துவிட்டிருந்தான். அதே மாதிரி ஐந்து வரி இன்னொரு இடத்திலும் இருந்ததால் இது வெறும் திருப்பிச் சொல்லல் என்று முடிவுகட்டிவிட்டான். இரண்டும் ஒன்றில்லை. அது படங்களுக்கு, இது பக்கங்களுக்கு.

ஆனால் இதே விபத்து இரண்டு வருடத்துக்கு முன்பும் நடந்திருந்தது. அப்போது பல் டாக்டரின் தளத்தில், எல்லாருக்கும் ஒரே ஆளுடைய கடைவாய்ப் பல். மாமனார் அதற்கு டெஸ்ட்டும் எழுதியிருந்தார். அப்படியென்றால் போன வாரம் சிவப்பு எரிந்திருக்க வேண்டுமே?

எரிந்திருந்தது. வியாழக்கிழமை மாலை நாலு பன்னிரண்டுக்கு எரிந்திருந்தது. நாலு பதினாலுக்கு அந்த டெஸ்ட்டை ஒருவர் அணைத்திருந்தார். பக்கத்தில் குறிப்பு: ‘மாப்பிள்ளை செய்த மாற்றம். டெஸ்ட்தான் பழசாகியிருக்கும்.’ போட்டவர் மச்சான்.

அப்புறம் சரிபார்ப்பு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் முழுக்கப் படித்து ‘பார்த்தாச்சு’ என்று ஒப்புதல் கொடுத்தால்தான் அது அப்டேட்டில் சேரும். அவனுடைய மாற்றம் எண்ணூற்றுச் சொச்சம் வரிகள். மச்சான் திறந்ததற்கும் ஒப்புதல் கொடுத்ததற்கும் இடையே பத்தொன்பது விநாடி. தலைப்பைப் படிக்கவே பத்து விநாடி ஆகும்.

சந்தேகம் ஒரு தடவை வந்துவிட்டால் லேசில் விடாது. மாப்பிள்ளை தன் நாற்பத்து மூன்று மாற்றங்களையும் வரிசையாகத் திறந்தான். முப்பது விநாடியைத் தாண்டி யாரும் படித்ததில்லை. அதைவிட மோசம், முப்பத்தொரு மாற்றங்களுக்கு அடுத்த நாள் விடிகாலையில் ‘சின்னச் சுத்தம்’ என்ற பெயரில் மாமனாரின் கை பட்டிருந்தது. திறந்து பார்த்தால் அது ஒன்றும் சின்னதில்லை. மேலே தலைப்பு மட்டும்தான் அவனுடையது, உள்ளே இருந்தது எல்லாம் மாமனார் எழுதியது.

ஏழு மாதமாகத் தான் சைக்கிள் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்த்தால் மூன்று பேர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். மாப்பிள்ளைக்குக் காது சுட்டது. அப்பாவிடம் வாரா வாரம் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது.

அவன் எழுந்து போய் உடைப்பு நோட்டை எடுக்கப் பார்த்தான். நோட்டு ஏற்கெனவே மச்சான் கையில் இருந்தது.

“நானே எழுதிடறேன் மாப்பிள்ளை. டெஸ்ட்டை அணைச்சது நான்தானே.”

“நீ எதுக்கு எழுதுறே? அந்த அஞ்சு வரிக்கு ஒரு விளக்கமும் போடாம விட்டது நான்,” என்று மாமனார் நோட்டின் மறுமுனையைப் பிடித்தார்.

“விடுங்கப்பா. உங்களுக்கு இருபது ஆயிடும்.”

“ஆகட்டுமே. உனக்கு இருபத்தேழு ஆறது மட்டும் பெருமையா?”

“நான் வேணா எழுதறேனே,” என்றார் மாமியார். “எனக்கு நாலுதான் இருக்கு.”

மாப்பிள்ளை நோட்டைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் அட்டை மச்சான் கையோடு போய்விட்டது.

“யாரும் எழுத வேண்டாம்,” என்றான். “தப்பு என்னுது. அந்த அஞ்சு வரியை எடுத்தது நான். மச்சான், நான் எழுதினதுல ஒண்ணையாவது நீங்க படிச்சிருக்கீங்களா?”

மச்சான் அட்டையைப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு?”

“முதல் தடவை பிரிண்ட் எடுத்துப் படிச்சேன் மாப்பிள்ளை. ரெண்டு இடத்துல இடிச்சுது. சொல்லலாம்னு உங்க மேசைக்கு வந்தேன். நீங்க எழுந்து நின்னு நாற்காலி கொடுத்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?”

“அதை நான் காலைல வந்து சரி பண்ணிட்டேன்,” என்றார் மாமனார் சமாதானமாக.

“அதைத்தான் மாமா கேக்கறேன். எதுக்கு?”

“வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை உட்கார வெச்சு, இது தப்பு அது தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? பொண்ணு என்ன நினைப்பா?”

“எல்லாரும் தப்பைச் சொன்னாத்தானே மாமா நான் இங்க வேலை பாக்கறேன்னு அர்த்தம். இல்லேன்னா நான் யாரு, மின்விசிறிக்குக் கீழ உட்கார வெச்ச விருந்தாளியா?”

மாப்பிள்ளை பேனாவை எடுத்து, நோட்டின் புதுப் பக்கத்தில் தன் பெயரை எழுதி, நடந்ததை ஆறு வரியில் எழுதினான். எழுதி முடித்துவிட்டுப் போனை எடுத்தான். நீதிபதியின் எண்ணை நூலகர் கொடுத்திருந்தார்.

“நான் பண்றேனே மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “அவர் ரொம்பக் கோபக்காரராம்.”

“பரவாயில்ல அத்தை.”

நீதிபதி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். மாப்பிள்ளை தான் யார், செய்த தப்பு என்ன, இப்போது அது நின்றுவிட்டது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். நீதிபதி வழக்குக்கட்டைப் பிரிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

“எத்தனை பேர் பார்த்தாங்க?”

“நூத்து நாப்பத்தேழு பேர் சார்.”

“நடனப் புத்தகத்தையும்?”

“எல்லாத்தையும் சார்.”

“இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை சார். அதைத் தடுக்க ஒரு சோதனை இருந்தது. அதை அணைச்சு வெச்சிருந்தோம்.”

“அணைச்சு வெச்சிருந்தீங்க,” என்றார் நீதிபதி. “காவலுக்கு ஒருத்தனை நிறுத்திட்டு, அவன் கத்தினதும் வாயில துணியை அடைச்சிருக்கீங்க. உங்களை நம்பி நான் என் வீட்டு அலமாரியைத் திறந்து வெச்சிருக்கேன். கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா தம்பி உங்களுக்கு? படிச்ச பிள்ளைதானே நீங்க? எழுதினதை இன்னொரு தடவை படிச்சுப் பார்க்க உங்களுக்கு என்ன கேடு?”

முழுதாக எட்டு நிமிடம் திட்டினார். மாப்பிள்ளை “ஆமா சார்”, “தப்புதான் சார்” என்று கேட்டுக்கொண்டான். ஏழு மாதத்தில் முதல் முறையாக ஒருவர் அவனை உருப்படியாகத் திட்டுகிறார். திட்டு சுருக்கென்று பட்டது. ஆனால் இடம் மாறாமல், பட வேண்டிய இடத்தில் பட்டது.

“இன்னொரு விஷயம்,” என்றார் நீதிபதி முடிவில். “நடனப் புத்தகம் என்னுது. அதுல எனக்கு வெட்கம் கிடையாது. குறட்டைப் புத்தகம் என் மனைவி என் கார்டுல எடுத்தது. குறட்டை விடறது அவங்க. இதை அந்த நூத்து நாப்பத்தேழு பேருக்கும் தெரியப்படுத்த முடியுமா?”

“முடியாது சார். அதுவும் இன்னொருத்தர் ரகசியம் ஆயிடும்.”

நீதிபதி யோசித்தார். “இது சரியான பதில்,” என்று போனை வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மாமனார் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைத் துடைத்தார். இனிமேல் இது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும்.

“எந்த டெஸ்ட்டாவது அணைஞ்சு இருந்தா அப்டேட் வெளிய போகவே கூடாது,” என்றான் மாப்பிள்ளை. “அதை ஆள் கையில விடக் கூடாது. கம்ப்யூட்டரே கதவைச் சாத்தணும்.”

“ஒரே நேரத்துல எல்லாருக்கும் எதுக்கு அனுப்பணும்?” என்றார் மாமியார். “நாம சமைச்சதை ஒரு வாய் நாமே பார்த்துட்டுத்தானே பரிமாறறோம். முதல்ல நம்ம தளத்துல ஒரு நாள் ஓடட்டும். அப்புறம் அஞ்சு பேருக்கு. அப்புறம் மத்தவங்களுக்கு.”

மாமனார் மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். இதைப் பத்து வருடம் முன்பே கேட்டிருக்கலாம் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

“சரிபார்க்கறவங்க சும்மா ஒப்புதல் கொடுக்கக் கூடாது,” என்றார் மாமனார் அடுத்து. “ஒரு கேள்வியாவது கேட்டு எழுதணும். கேள்வி இல்லேன்னா ஒப்புதல் கிடையாது.” சொல்லிக்கொண்டே மகனைப் பார்த்தார். மகன் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை திருத்தத்தை எழுதி முடித்தான். ஐந்து வரியும் திரும்ப வந்தது, அது எதற்கு என்ற விளக்கத்தோடு. அணைந்த டெஸ்ட் விழித்துக்கொண்டு பச்சை காட்டியது. நூலகத்துக்காக ஒரு புது டெஸ்ட்டும் எழுதினான். அவனுக்கே திருப்தியாக இருந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு குறும்பு தோன்றியது. திருத்தத்தின் நட்டநடுவில், சர்வர் கிளம்பும்போது திரையில் தெரிகிற மாதிரி ஒரு வரியைச் செருகினான்: ‘மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் கொடுக்கிறார்.’ வெளியிடும் பொத்தான் இன்றைக்குத் தன் கையில் என்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்ததால் பயமில்லை.

சரிபார்க்க அனுப்பினான். இருபத்திரண்டு விநாடியில் பதில் வந்தது. புது விதிப்படி ஒரு கேள்வியும் இருந்தது.

‘சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?’

கீழே ‘பார்த்தாச்சு’.

மாப்பிள்ளை எழுந்து மச்சானின் மேசைக்குப் போனான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சாப்பிட்டேன் மச்சான். எதிர்ல உட்கார்ந்து சேர்ந்துதானே சாப்பிட்டோம். இப்ப இதை எனக்குக் கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க.”

மச்சான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நாற்பதாவது வரியில் குரல் இறங்கியது. நாற்பத்தொன்றில் நின்றது. அவர் முகம் காதிலிருந்து ஆரம்பித்துச் சிவந்தது.

“இது முந்நூத்து நாப்பது பேர் திரையிலயும் வந்திருக்கும்,” என்றான் மாப்பிள்ளை. “நீச்சல் குளத்துக்காரர் போன் பண்ணி உங்க கண்ணைப் பத்தி விசாரிச்சிருப்பார்.”

“எடுங்க அதை,” என்றார் மச்சான்.

“எடுத்தாச்சு. இப்பப் படிங்க.”

மச்சான் படித்தார். உண்மையாகவே படித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டு, மாமனார் கொண்டுவந்த டீயைத் தொடாமல் ஐம்பது நிமிடம் படித்தார். மாப்பிள்ளை தன் இடத்தில் உட்கார்ந்து விசிலடித்தான். குறும்பு வரியை எடுத்தாயிற்று, மற்றதெல்லாம் சுத்தம், நல்லா இருக்கு என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தான்.

மச்சான் தாளோடு வந்தார். நின்றார். தாளை மடித்தார், பிரித்தார்.

“தப்பா நினைக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“மூணு இருக்கு.”

“என்ன மூணு?”

“தப்பு,” என்றார் மச்சான். “முதல்ல, ஒருத்தர் லாகின் பண்ணி வெளிய போனதுக்கு அப்புறம் வர்ற பக்கத்துல அவர் பேர் இன்னும் ஒட்டிட்டு இருக்கும். அதுக்கு நகல் எடுக்குது இது. ரெண்டாவது பெருசு. அந்த ஒன்பது பேர் இன்னும் போனே எடுக்கல. அவங்க சர்வர்ல தப்பு நகல் எல்லாம் அப்படியே இருக்கு. இந்தத் திருத்தம் அங்க போனாலும் அதையேதான் நீட்டும். காலையில எங்க எல்லாருக்கும் நீங்கதான் அதைச் சொன்னீங்க. எழுதும்போது மறந்துட்டீங்க.”

மாப்பிள்ளை விசிலை நிறுத்தினான். திரையைப் பார்த்தான். உண்மைதான். கிளம்பும்போதே பழைய நகல்களைக் குப்பையில் போடச் சொல்லி ஒரு வரி வேண்டும். அது இல்லை. மச்சான் படிக்காமல் விட்டிருந்தால், ஒன்பது இடங்களில் யாரோ ஒன்பது பேருடைய அலமாரிகள் இன்று முழுக்கத் திறந்தே கிடந்திருக்கும். திருத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இவர்கள் இங்கே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நன்றி சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“மூணாவது?”

“மூணாவது, இந்த ‘தற்காலிகம் இரண்டு’னு ஒரு பேர் வெச்சிருக்கீங்களே. தற்காலிகம் ஒண்ணு எங்கயும் இல்ல. இது என்ன வேலை பண்ணுதுன்னு கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு.”

“அது தப்பு இல்ல மச்சான். அது பேர்.”

“படிச்சாப் புரியாத பேர் தப்புதான்.”

“எல்லாருக்கும் புரியும்.”

“எனக்குப் புரியல. படிக்கச் சொன்னது நீங்கதானே?”

“அதுக்காகப் பேரை எல்லாம் குறை சொல்றதா?”

“ஏழு மாசமாச் சேர்த்து வெச்சிருக்கேன். ‘தற்காலிகம்’, ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘கடைசிப் புதுசு’. வீட்டுல நாய்க்குட்டி வாங்கினாக்கூட நீங்க ‘நாய் ரெண்டு’னுதான் பேர் வைப்பீங்க போல.”

“உங்க அப்பா ‘அ’, ‘ஆ’, ‘இ’னு வெச்சிருக்காரே, அதைக் கேட்டீங்களா?”

“என்னை எதுக்கு இழுக்கறீங்க?” என்று மாமனார் தன் மேசையிலிருந்து எழுந்தார். “என் காலத்துல கம்ப்யூட்டர்ல இடம் கம்மி.”

“உயிரெழுத்து தீர்ந்துட்டா என்ன மாமா பண்ணுவீங்க?”

“மாப்பிள்ளைன்னும் பார்க்க மாட்டேன்,” என்றார் மாமனார். சொல்லிவிட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு தைரியம் வந்து, ஏழு மாதமாக விடிகாலையில் தனியாகத் துடைத்த முப்பத்தொரு அழுக்கையும் வரிசையாக எடுத்துவிட ஆரம்பித்தார்.

மாப்பிள்ளைக்குக் கோபம் உண்மையாகவே வந்தது. திட்டு வேண்டும் என்று கேட்டவன்தான். ஆனால் இவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொன்னான், சிலவற்றுக்கு நல்ல பதிலாகவே இருந்தது. பதினேழாவது அழுக்கு அழுக்கே இல்லை, மாமனார்தான் கெடுத்து வைத்திருந்தார் என்பதைத் திரையில் காட்டி நிரூபித்தான். மச்சான் இரண்டு பேருக்கும் எதிராகப் பேசினார். மூவரும் நின்றுகொண்டு, ஒரே நேரத்தில், கையை ஆட்டிப் பேசினார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கீழேயிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமியார் மெதுவாகப் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்.

இரண்டு நிமிடத்தில் மாப்பிள்ளையின் போன் அடித்தது. மனைவி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். யாருடைய முழங்காலையோ பாதி மடக்கி வைத்துவிட்டு வந்திருப்பாள்.

“என்னங்க ஆச்சு? அம்மா அழாத குறையாப் பேசறாங்க. எங்கப்பா உங்களைத் திட்டினாராமே.”

“ஆமா. திட்டினார்.”

“அண்ணனும் சண்டையா?”

“அவர்தான் ஆரம்பிச்சார். நான் வெக்கிற பேர் சரியில்லையாம்.”

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம். “அது நிஜமாவே சரியில்லதான். போன மாசம் நீங்க எனக்கு எழுதிக் கொடுத்த மளிகைப் பட்டியலுக்குக்கூட ‘கடைசிப் பட்டியல் மூணு’ன்னு தலைப்பு இருந்துது.”

“நீயுமா?”

“நான் எப்பவும் சொல்லிட்டுத்தானே இருக்கேன். சரி, இப்ப என்ன பண்றீங்க?”

மாப்பிள்ளை மேசையைப் பார்த்தான். மச்சான் அவனுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, அந்த ஒன்பது பேருக்கான வரியைத் தட்டிக்கொண்டிருந்தார். மாமனார் அவர் தோளுக்கு மேல் குனிந்து, அரைப்புள்ளி விட்டுட்டே என்று அதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே அவன் போனில் இருப்பதைக் கவனிக்கவில்லை. ஒருவரும் அவனுக்காக எழுந்து நிற்கவில்லை.

“வேலை பார்த்துட்டு இருக்கோம்,” என்றான். “வைக்கறேன். என் இடத்துல உட்கார்ந்து தப்பா எழுதறாங்க.”

ஐந்து மணிக்குத் திருத்தம் அவர்களுடைய சொந்தத் தளத்தில் ஏறியது. பத்து நிமிடம் கழித்து, மாமியார் ஒன்பதில் ஏழு பேரைப் போனில் பிடித்து, பழைய பதிப்புக்குத் திருப்பி நகலையும் காலி செய்ய வைத்துவிட்டார். மீதி இரண்டு பேரை நேரில் போய்ப் பிடிக்க மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ‘தற்காலிகம் இரண்டு’ என்ற பெயருக்கு என்ன வைப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. மச்சான் சொன்ன பெயர் நாற்பது எழுத்து நீளம் இருந்தது. மாப்பிள்ளை அதை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.